அண்ணாவியாரும் அறளையும்

ஐயா, வணக்கம்.

ஞாபகம், முதுமை பற்றி ஆராய்ந்த போல் பால்டெஸ் என்ற ஜேர்மன் உளவியலாளரைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எங்கள் அப்பா அண்ணாவியார், வயது 76. முந்தி ஒரே வருசத்தில் இரண்டு ஊருக்குக் கூத்துப் பழக்கினவர், இந்த முறை ஒன்றுதான் என்கிறார். பாட்டெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவர் இப்போது இரவில் கொப்பியைத் திறந்து வைத்து முணுமுணுக்கிறார். ஏடு பார்த்து அடி எடுத்துக் கொடுக்க மருமகனைப் பக்கத்தில் இருத்துகிறார். பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார். "அறளை பெயரத் தொடங்கிட்டு, களரியில சனம் சிரிக்க முதல் நிப்பாட்டுவம்" என்கிறார் அண்ணன். உங்கள் பால்டெஸ் இதற்கு என்ன சொல்வார்?

(பெயர் வேண்டாம்)
கொக்கட்டிச்சோலை

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அறளைக்கு, அதாவது வயதில் வரும் புத்தித் தடுமாற்றத்துக்கு, அடையாளம் என்று நீங்கள் எழுதியிருப்பதில் முக்கால்வாசி, பால்டெஸ் பாராட்டி எழுதிய விசயங்கள்.

அவர் அடிக்கடி சொன்ன உதாரணம் ஆர்தர் ரூபின்ஸ்டைன் என்ற பியானோக் கலைஞர். எண்பது வயதிலும் எப்படி இவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ரூபின்ஸ்டைன் மூன்று காரணம் சொன்னாராம். வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டேன். குறைத்தவற்றைக் கூட நேரம் பழகுகிறேன். விரல் முந்திய வேகத்தில் ஓடாது. ஆகவே வேகமான இடம் வருவதற்கு முன்னால் கொஞ்சம் மெதுவாக வாசிப்பேன், பிறகு வருவது வேகமாகக் கேட்கும். இதைத்தான் பால்டெஸும் மனைவி மார்கிரெட்டும் தெரிவு, மெருகேற்றல், ஈடுகட்டல் என்று ஒரு கோட்பாடாக்கினார்கள்.

இப்போது அப்பாவைப் பாருங்கள். இரண்டு கூத்து ஒன்றானது தெரிவு. இரவில் கொப்பி, மெருகேற்றல். மருமகன், ஈடுகட்டல். பெர்லினில் இருந்து யாரும் வந்து சொல்லிக்கொடுக்காமல் அவரே கண்டுபிடித்திருக்கிறார். மத்தளத்தில் வேகமான தாளக்கட்டு வருவதற்கு முன் அவர் கை கொஞ்சம் நிதானிக்கிறதா என்று ஒருநாள் பக்கத்தில் இருந்து கேளுங்கள். நிதானித்தால் எனக்கு எழுதுங்கள்.

பால்டெஸ் 1939இல் பிறந்தவர். ஜேர்மனியில் படித்து, அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களில் படிப்பித்து, 1980இல் பெர்லினுக்குத் திரும்பி மாக்ஸ் பிளாங் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் இயக்குநராக இருந்தார். மனித வளர்ச்சி என்றால் குழந்தை தவழ்வதும் பேசுவதும்தான் என்றிருந்த காலத்தில், எழுபது வயதிலும் மனிதன் வளர்கிறான், அதோடு தேய்கிறான், இரண்டும் எந்த வயதிலும் சேர்ந்தே நடக்கிறது என்று விடாமல் சொன்னவர்.

முதியவரையும் இளைஞரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே சோதனை கொடுத்தால் ஏமாந்துபோவோம் என்பதும் அந்தத் தலைமுறை ஆய்வாளர்கள் சண்டை பிடித்து நிலைநாட்டியது. வார்னர் ஷாயி 1956இல் சியாட்டில் நகரில் தொடங்கிய ஆய்வில் ஏழு வருசத்துக்கு ஒருதரம் அதே ஆட்களை மறுபடி சோதித்தார்கள். அப்படிப் பார்த்தபோது சரிவு நினைத்ததைவிடப் பிந்தித்தான் வந்தது. படுவான்கரையில் மாடு மேய்த்து வளர்ந்த அப்பாவையும் டியூஷனுக்குப் போய் வளர்ந்த அண்ணனையும் ஒரே தாளில் எழுத வைத்தால் அது வயதை அளக்குமா, பள்ளிக்கூடத்தை அளக்குமா?

அதற்காகப் பூசி மெழுக மாட்டேன். பால்டெஸும் மெழுகவில்லை. அவருடைய குழு 1989இல் வெளியிட்ட ஒரு சோதனையில், சொற்களை நகரத்து இடங்களோடு முடிச்சுப்போட்டு ஞாபகம் வைக்கும் வித்தையைப் பழக்கினார்கள். நம்மூர்க் கணக்கில் சொன்னால், கல்லடிப் பாலத்தில் மண்வெட்டியைச் சாத்து, மணிக்கூட்டுக் கோபுரத்தில் கருவாட்டைத் தொங்கவிடு, கோட்டை வாசலில் பூனையைக் கட்டு. பிறகு மனதுக்குள் அந்த வழியே நடந்தால் ஒவ்வொன்றாகக் கைக்கு வரும். முதியவர்கள் நீண்ட சொற்பட்டியலை ஒழுங்கு பிசகாமல் சொன்னார்கள். ஆனால் அதே பயிற்சி பெற்ற இளைஞர்கள் இன்னும் கூடச் சொன்னார்கள். பழகப் பழக இடைவெளி கூடியதே தவிரக் குறையவில்லை. மேற்கு பெர்லினில் 70 முதல் 100 வயது தாண்டியவர் வரை 516 பேரை ஆராய்ந்த பிறகு, எண்பதுகளுக்கு மேல் தேய்வின் பக்கம்தான் தராசு சாய்கிறது என்று வெளிப்படையாகவே எழுதினார். (அவர் அந்த வயதைக் காணவில்லை. 2006இல், 67 வயதில் காலமானார்.)

பெயர் மாறுவதைப் பெரிதாக எடுக்காதீர்கள். என் அம்மா என்னைக் கூப்பிட முதல் இரண்டு தம்பிமாரையும் ஒரு நாயையும் கூப்பிடுவார், அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனால் சொன்னதை அரை மணித்தியாலத்தில் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா, பழகிய பாதையில் வழி தடுமாறுகிறாரா, காசுக் கணக்குப் பிழைக்கிறதா? அப்படியானால் அறளை என்று சொல்லி மூலையில் இருத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். தைரொய்ட், விற்றமின் பி12 குறைவு, சில மருந்துகள், காது கேளாமை, மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. என் பெரியப்பா விசயத்தில் நாங்கள் இதைச் செய்யவில்லை. வயசுதானே என்று இரண்டு வருசம் இருந்துவிட்டோம்.

அண்ணனிடம் கூத்தை நிப்பாட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். மருமகனுக்கும் ஒரு சொல். தானாகத் தேடி எடுப்பதுதான் வயதோடு கடினமாகிறது, அடி எடுத்துக் கொடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். ஆகவே முழுப் பாட்டையும் வாசித்துக் காட்ட வேண்டாம், முதல் சொல் போதும். அதையும் உடனே கொடுக்காமல், சல்லரித் தாளம் ஒரு சுற்றுப் போய்வரும் வரைக்கும் பொறுக்கட்டும்.

அரங்கேற்றம் எப்போது என்று நீங்கள் எழுதவில்லையே. பாயோடு வருகிறேன்.