சூரியன் இல்லாமல் தனியே அலையும் கோள்கள் உண்டா? அவற்றை ஏன் இளம் விண்மீன் கூட்டங்களில் தேடுகிறார்கள்?

உண்டு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் இதைத்தான் கேட்டார்கள்.

ஒரு வாயு உருண்டை விண்மீனாக எரிய, வியாழனைப் போல் ஏறத்தாழ 75 மடங்கு நிறையாவது வேண்டும். குறைந்தால் ஹைட்ரஜன் நிலையாக எரியாது. அதுதான் பழுப்புக் குள்ளன். சுமார் 13 மடங்குக்கும் கீழே டியூட்டீரியம் என்ற கனத்த ஹைட்ரஜன்கூட எரியாது. அப்படிப்பட்டது எந்த விண்மீனையும் சுற்றாவிட்டால், தனித்தலையும் கோள். (இந்த எல்லைக்கோடு நாம் போட்டது. இயற்கை அவ்வளவு கறாராகப் பிரிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.)

சரி, ஏன் இளம் கூட்டம்? அடுப்பிலிருந்து எடுத்த தணலைப் பாருங்கள். எடுத்ததும் செக்கச்செவேல், விடிந்தால் சாம்பல். இவையும் சுருங்கியபோது உண்டான சூட்டில்தான் ஒளிர்கின்றன. வயதாக ஆக மங்கிவிடும். சில மில்லியன் ஆண்டே ஆன கூட்டத்தில் அகச்சிவப்பில் இன்னும் நன்றாகத் தெரியும். 1995இல் அறிவிக்கப்பட்ட டெய்டே 1 என்ற பழுப்புக் குள்ளன் நம் கார்த்திகை மீன் கூட்டத்தில்தான் இருக்கிறது.

அப்புறம், 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஓரியன் நெபுலா என்ற வாயு, தூசு மேகத்தில் வியாழன் அளவு நிறையுள்ள பொருள்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்த சுமார் 40 ஜோடிகளைக் காட்டியது. எப்படி ஜோடி சேர்ந்தன என்பதில் இன்னும் விவாதம்தான். சில, பின்னால் இருக்கும் விண்மீன்களாகவும் இருக்கலாம்.

ஜனவரி இரவில் செம்பனைக்கு மேலே வேடன் உருவமான ஓரியன் விண்மீன் தொகுதி ஏறும். வாள் பகுதியைப் பைனாகுலரில் பாருங்கள். 1,300 ஒளியாண்டு தொலைவில், மங்கிய புகைபோல் தெரிவது அந்த நெபுலாதான்.