மேடுபள்ளப் போர்வைக்கு எத்தனை கண்டு நூல்?

கேள்வி: குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னலில்) ஒரு போர்வை பின்ன ஆசை. கட்டம் கட்டமாக மேடு தெரியும் வாஃபிள் டிசைன், சுற்றிலும் எளிமையான பார்டர், அவ்வளவுதான். அகலம் 100 செ.மீ., நீளம் 120 செ.மீ. நடுத்தரத் தடிமன் நூலில் 100 கிராம் கண்டு ஐந்து வாங்கினால் போதும் என்கிறார் கடைக்காரர். போன வருடம் இதே அளவில் சாதாரணப் போர்வை பின்னியபோது ஐந்துதான் ஆனது. நம்பி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஐந்து கண்டு போர்வையின் முக்கால் பாகத்தைக்கூடத் தாண்டாது. கடைக்காரர் தப்பாகச் சொல்லவில்லை, சாதாரணப் பின்னலை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார். மேடு வருகிற டிசைன் எதுவாக இருந்தாலும் நூலை விழுங்கும்.

ஏன் என்று ஒரு தையலை உற்றுப் பார்த்தாலே புரியும். சாதாரணப் பின்னலில் ஊசியைக் கீழ் வரிசைத் தையலின் தலையில் விடுகிறோம். வாஃபிளில் அந்தத் தையலின் காலை, அதாவது நிமிர்ந்து நிற்கும் தண்டைச் சுற்றி, முன்பக்கம் நுழைத்து, பின்னால் வளைத்து, மறுபடி முன்பக்கமே எடுக்கிறோம். தையல் துணிக்கு மேலே எழும்பி நிற்கிறது, கீழ் வரிசையின் தலைப்பகுதி அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. துணி தடிக்கிறது, வரிசையின் உயரமோ குறைகிறது. ஆகவே அதே 120 செ.மீ. நீளத்தை எட்ட வரிசைகள் கூடுதலாக வேண்டும். பாபிள் என்கிற உருண்டை வைத்தால் இன்னும் அதிகம்: ஒரே கண்ணியில் ஐந்து தையலைப் பாதிப்பாதியாக நிறுத்தி, கடைசியில் ஒன்றாக மூடுகிறோம். ஒரு தையல் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து தையலின் நூல் போய்விடுகிறது.

சரி, எத்தனை வாங்குவது? அடுத்தவர் கணக்கை நம்ப வேண்டாம். ஒருவர் இறுக்கிப் பின்னுவார், ஒருவர் தளர்த்திப் பின்னுவார். ஒரே நூல், ஒரே ஊசியாக இருந்தாலும் ஒரு முழுக் கண்டு வித்தியாசம் வரும். முதலில் ஒரே ஒரு கண்டு வாங்குங்கள். உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று பின்னி, எந்த ஊசி ஒத்துவருகிறது என்று பாருங்கள். நடுத்தரத் தடிமன் நூலுக்கு 5.5 மி.மீ. ஊசியில் தொடங்கலாம். துணி விறைத்து நின்றால் 6 மி.மீ.க்குப் போங்கள். ஊசி முடிவானதும் அந்தத் துண்டைப் பிரித்துவிட்டு, போர்வையின் முழு அகலத்துக்கே சங்கிலி போட்டு, கண்டு தீரும்வரை டிசைனைப் பின்னுங்கள்.

இப்போது உயரத்தை அளவுநாடாவில் அளந்து பாருங்கள். 16 செ.மீ. வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120ஐ 16ஆல் வகுத்தால் 7.5. நடுப்பகுதிக்கு ஏழரைக் கண்டு. பார்டரைப் பலரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆனால் சுற்றிலும் 3 செ.மீ. பார்டர் வைத்தால் போர்வை 106க்கு 126 ஆகிறது. பரப்பில் 1356 சதுர செ.மீ. கூடுகிறது. உங்கள் ஒரு கண்டு மூடியது 1600 சதுர செ.மீ. அப்படியானால் அந்த ஒல்லிப் பார்டருக்கே முக்கால் கண்டுக்கு மேல் போகும். மொத்தம் எட்டேகால் கண்டைத் தாண்டுகிறது, ஒன்பது வாங்குங்கள். இந்தச் சோதனையில் ஒரு முழம் நூல்கூட வீணில்லை, பின்னியது போர்வையின் தொடக்கமாகவே இருக்கும்.

மீதி எட்டையும் உடனே வாங்குங்கள், முதல் கண்டின் லேபிளைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் நிறத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் ‘லாட்’ என்று இன்னொரு எண் இருக்கும். ஒரே தொட்டியில், ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்கு ஒரே லாட் எண். நிற எண் ஒன்றாக இருந்தும் லாட் மாறினால் சாயல் மாறும். நான் ஒரு தடவை சாம்பல் நிறப் போர்வைக்கு ஒரு கண்டு குறைந்து, மூன்று மாதம் கழித்து அதே நிற எண்ணைக் கேட்டு வாங்கினேன். கடை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. வீட்டுக்கு வந்து ஜன்னல் ஓரத்தில் விரித்தேன். கடைசிப் பத்து வரிசையும் லேசாக நீலம் தட்டி நின்றன. பிரிக்க மனசு வரவில்லை, இன்றும் மடிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை உள்ளே தள்ளித்தான் மடிக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: பிரிக்காத கண்டு மிஞ்சினால் திருப்பி எடுப்பீர்களா, எத்தனை நாளுக்குள்? ‘எடுப்போம்’ என்றால் அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அப்படிக் கிடைத்தால் தயங்காமல் பத்தாக வாங்கலாம்.

அப்புறம் நிறம். பலவண்ணம் கலந்த நூலை இந்த டிசைனுக்குத் தொடாதீர்கள். நிறம் மாறிக்கொண்டே இருந்தால் கண் நிறத்தைத்தான் பார்க்கும், நீங்கள் உழைத்து எழுப்பிய மேடு தெரியாது. கறுப்பும் கருநீலமும் அப்படித்தான், நிழலை விழுங்கிவிடும். பஞ்சு பஞ்சாக முடி நிற்கும் நூல் தொடுவதற்கு இதமாக இருக்கும், ஆனால் தையல் எங்கே என்றே தெரியாது, தப்பினால் பிரிக்கவும் முடியாது. வழவழப்பாக முறுக்கிய, ஒரே நிறமான, வெளிர் நூல்தான் மேடுபள்ளத்தை நன்றாகக் காட்டும்.

கேள்வி: பேட்டர்னில் (பின்னும் முறையை எழுதிய குறிப்பில்) சொன்ன நூல் எங்கள் கடையில் இல்லை. வேறு கம்பெனி நூலை அதே எடைக்கு வாங்கினால் சரியாக இருக்குமா? பார்டருக்கு மட்டும் கையிலிருக்கும் சிவப்புப் பருத்தி நூலைப் போடலாமா?

பதில்: எடையை விட்டுவிடுங்கள், மீட்டரைப் பாருங்கள். ஒரே 100 கிராம் கண்டில் ஒன்று 170 மீட்டர் இருக்கும், இன்னொன்று 210 இருக்கும். பேட்டர்ன் 1700 மீட்டர் கேட்டால் முதல் நூலில் பத்துக் கண்டு, இரண்டாவதில் ஒன்பது. விலையையும் இப்படி மீட்டருக்கு வகுத்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும். தடிமனும் ஒத்துப்போக வேண்டும். பல லேபிள்களில் நூல்கண்டுப் படத்துக்குள் 0 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். 3 என்றால் மெல்லியது, 4 நடுத்தரம், 5 தடித்தது. பேட்டர்ன் கேட்கும் எண்ணையே வாங்குங்கள்.

பருத்திப் பார்டர் விஷயம் நடுப்பகுதி என்ன நூல் என்பதைப் பொறுத்தது. அக்ரிலிக் நூலில் பின்னிவிட்டுப் பருத்தியில் பார்டர் போட்டால், துவைத்ததும் பருத்தி சுருங்கி ஓரத்தைச் சுருக்குப்பை மாதிரி இழுக்கலாம். ஒரே வகை நூலே நல்லது. சிவப்பு என்றால் இன்னொரு பயமும் உண்டு. ஒரு முழம் நூலை வெந்நீரில் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் வைத்துப் பிழியுங்கள். துணியில் கறை பட்டால் அந்த நூல் வெளிர் போர்வைக்கு ஆகாது.

பார்டர் போடும்போது மூலைக்கு மூலை ஒரே கண்ணியில் மூன்று சிங்கிள் குரோஷா (குட்டைத் தையல்), பக்கவாட்டில் ஒவ்வொரு டபுள் குரோஷா (உயரத் தையல்) வரிசையின் ஓரத்துக்கும் இரண்டு சிங்கிள் என்று தொடங்குங்கள். இவை அமெரிக்கப் பெயர்கள். ஒரு பக்கம் முடிந்ததும் தரையில் விரித்துப் பாருங்கள். ஓரம் அலை அலையாக நெளிந்தால் தையல் கூடிவிட்டது, உள்ளே இழுத்தால் குறைந்துவிட்டது. அங்கேயே திருத்திவிட்டால் மூன்று பக்கம் பிரிக்கிற வேலை மிச்சம்.

கேள்வி: இணையத்தில் காசு கொடுத்து ஒரு பேட்டர்ன் வாங்கினேன். படத்தில் இருப்பது போல வரவே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: முதலில் அது அமெரிக்க முறையா, பிரிட்டிஷ் முறையா என்று பாருங்கள். பெயர் ஒன்று, தையல் வேறு. அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதைத்தான் பிரிட்டனில் டபுள் என்கிறார்கள். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். பேட்டர்னில் எங்காவது ‘சிங்கிள் குரோஷா’ என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை, பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. மாற்றிப் பின்னியிருந்தால் போர்வை வேறு மாதிரிதான் வரும், விற்றவர் மேல் குற்றமில்லை.

அது சரியாக இருந்தும் வரவில்லை என்றால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இப்போது ஏஐ உருவாக்கிய படத்தை வைத்துப் பேட்டர்ன் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். நிஜப் பின்னலில் வரிசை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தடையில்லாமல் போகும். ஏஐ படத்தில் நடுவில் கரைந்துவிடும், அல்லது இரண்டு வரிசை ஒன்றாகிவிடும். அப்படி இருந்தால் படத்தையும் நீங்கள் பின்னியதையும் பக்கத்தில் வைத்து, விற்ற தளத்திடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கெடு தாண்டிவிடாமல் உடனே எழுதுங்கள்.

அடுத்த தடவை வாங்கும் முன், அந்தப் பேட்டர்னை வேறு யாராவது பின்னிப் போட்ட படம் இருக்கிறதா என்று தேடுங்கள். தளர்வு அளவு (குறிப்பிட்ட நீள அகலத்துக்குள் எத்தனை தையல், எத்தனை வரிசை), பின்னி முடித்த போர்வையின் அளவு, எத்தனை மீட்டர் நூல் என்ற மூன்றும் வாங்குவதற்கு முன்பே தெரிய வேண்டும். இந்த மூன்றையும் காட்டாதவரிடம் நான் வாங்குவதில்லை.