செய்தி எந்த மேசையில் நின்றுபோகிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

உற்பத்தி நிறுவனம் ஒன்றின் திட்டமிடல் பிரிவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். கூடவே பகுதிநேரமாக மேலாண்மை படிக்கிறேன். அகச்சூழல் என்பது நம் கட்டுப்பாட்டில் உள்ளது, புறச்சூழல் நம் கட்டுப்பாட்டில் இல்லாதது என்று பாடத்தில் வருகிறது. எங்கள் நிறுவனத்தில் இரண்டு காலாண்டாக நட்டம். வங்கி வட்டி ஏறியது, மூலப்பொருள் தாமதமாக வந்தது, போட்டியாளர் விலையைக் குறைத்தார். மூன்றுமே வெளிக்காரணங்கள்தான். அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் போக்கைத் தீர்மானிப்பதில் அகத்தின் பங்கு அதிகமா, புறத்தின் பங்கு அதிகமா? புகைப்படச் சுருள் நிறுவனமான கோடாக் புறச்சூழலைக் கவனிக்காமல்தானே வீழ்ந்தது? தொழிற்சங்கத்தை அகம், புறம் என்ற இரண்டில் எந்தக் கட்டத்தில் போடுவது? அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், சட்டம் என்ற ஆறு தலைப்பில் புறச்சூழலைப் பட்டியலிடும் பெஸ்டல் அட்டவணை நிரப்புவது பற்றியும் சொல்லுங்கள். பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வேலையும் பார்த்துக்கொண்டு படிப்பதில் உள்ள களைப்பு உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதையும் மீறி உட்கார்ந்து இவ்வளவு கேட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அந்த அறிக்கையை அப்படியே மேலே அனுப்பிவிடாதீர்கள். அதில் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று காரணங்களும் உண்மையாகவே இருக்கலாம். அவற்றில் ஒன்றுகூட நட்டத்தை விளக்கவில்லை. வட்டி உங்கள் போட்டியாளருக்கும்தானே ஏறியது?

வட்டியையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 அலகு பணத்துக்கு வியாபாரம் செய்யும் இரண்டு நிறுவனங்கள். முதல் நிறுவனத்தில் சரக்கு 30 நாள் கிடங்கில் இருக்கிறது, விற்ற பணம் வர 45 நாள் ஆகிறது, சப்ளையருக்கு 35 நாள் கழித்துப் பணம் கொடுக்கிறார்கள். முப்பதும் நாற்பத்தைந்தும் கூட்டி முப்பத்தைந்தைக் கழித்தால் 40 நாள். ஆக 4,000 அலகு முடங்கியிருக்கிறது. இரண்டாவது நிறுவனத்தில் சரக்கு 75 நாள், வசூல் 80 நாள், கொடுப்பது அதே 35 நாள். அங்கே 120 நாள், 12,000 அலகு. முடங்கிய பணம் முழுவதும் வங்கிக் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி இரண்டு சதவீதப் புள்ளி ஏறினால் முதல் நிறுவனத்துக்கு வருடத்துக்கு 80 அலகு கூடுதல் செலவு, இரண்டாவதற்கு 240. இருவருக்கும் லாபம் விற்பனையில் 3 சதவீதம் என்றால், வருட லாபம் 1,095 அலகு. ஒருவர் அதில் 7 சதவீதத்தை இழக்கிறார், மற்றவர் கிட்டத்தட்ட 22 சதவீதத்தை.

அந்த 80 நாள் வசூல் எங்கிருந்து வந்தது? வாடிக்கையாளர் மோசமானவர் என்பீர்கள். போய்ப் பாருங்கள். பல இடங்களில் பில்லில் ஆர்டர் எண் தவறாக இருக்கும், அல்லது அனுப்பிய எண்ணிக்கையும் பில்லில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகாது. வாங்கியவரின் கணக்குப் பிரிவு அந்தப் பில்லை ஓரமாக வைத்துவிடும். பணம் வரவில்லையே என்று நீங்கள் கேட்கும்போதுதான் திருத்தி அனுப்பச் சொல்வார்கள். திருத்திய பில் போன நாளிலிருந்து கடன் நாளைப் புதிதாக எண்ணுவார்கள். இது மத்திய வங்கியின் முடிவு அல்ல, உங்கள் பில் போடும் மேசையில் நடப்பது.

அகமா புறமா என்ற கேள்வியை இதற்குமேல் நான் தொடரப்போவதில்லை. கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருப்பது வேறொன்று. உங்கள் கடிதத்தில் "மூலப்பொருள் தாமதமாக வந்தது" என்ற வரியைப் படித்ததும் அதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. தாமதமாகப் போகிறது என்பது உங்கள் நிறுவனத்தில் முதலில் யாருக்குத் தெரிந்தது? எந்தத் தேதியில்? அவர் யாரிடம் சொன்னார்? இந்த மூன்றும் உங்கள் அறிக்கையில் இல்லை.

2000ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மின்னல் தாக்கி, ஆல்புகெர்க்கியில் இருந்த பிலிப்ஸ் சிப் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. சுமார் பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் சிப் தயாரிக்கும் தூய அறைகளில் புகையும் தண்ணீரும் புகுந்துவிட்டன. தூசு படக்கூடாத அந்த அறைகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது சாதாரண வேலை அல்ல. அந்தச் சிப்புகளை வாங்கிய பெரிய வாடிக்கையாளர்கள் இருவர்: கைபேசி தயாரித்த நோக்கியாவும் எரிக்சனும். ஒரு வாரம் தாமதமாகும் என்று பிலிப்ஸ் இருவருக்கும் ஒரே செய்தியைத்தான் சொன்னது.

நோக்கியாவில் அந்தப் பாகங்களை உடனே தனிக் கண்காணிப்பில் வைத்து, தினமும் பிலிப்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒரு வாரம் பல வாரமாகப் போகிறது என்பது இரண்டே வாரத்தில் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. சுமார் 40 லட்சம் கைபேசிகளின் உற்பத்தி ஆட்டம் காணும் நிலை. தனிக்குழு போட்டார்கள். மேல்மட்டத்தினர் நேரே பிலிப்ஸ் தலைமையிடம் பேசி, அதன் மற்ற ஆலைகளின் உற்பத்தித் திறனைத் தங்களுக்குத் திருப்பினார்கள். சில பாகங்களை வேறு சப்ளையர்களிடம் வாங்கினார்கள். எரிக்சனில் அதே செய்தி கீழ்மட்டத்திலேயே தங்கிவிட்டது. கைபேசிப் பிரிவின் தலைமைக்கு அது தெரிந்தபோது வாரங்கள் ஓடிவிட்டன. முக்கியச் சிப்புக்கு அவர்களிடம் மாற்றுச் சப்ளையரும் இல்லை. செலவைக் குறைப்பதற்காக ஒரே இடத்தில் வாங்கும் முறைக்கு ஏற்கெனவே மாறியிருந்தார்கள். சுமார் 40 கோடி டாலர் விற்பனை கைநழுவியது. 2001இல் எரிக்சன் தன் கைபேசித் தொழிலை சோனியுடன் இணைத்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் ஒரு தீயின் தலையில் போட முடியாது. ஆனாலும் ஒரே மின்னல், ஒரே தீ, ஒரே அறிவிப்பு என்பதை யோசித்துப் பாருங்கள்.

எரிக்சன் ஊழியர்கள் சோம்பேறிகள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒரு வாரத் தாமதம் என்பது கொள்முதலில் அன்றாடம் நடப்பது. அதை மேலே சொல்லாமல் விட்டவர் எந்த விதியையும் மீறியிருக்க மாட்டார். செய்தியை வடிகட்டுவது ஆளின் குணம் மட்டும் அல்ல, அவருடைய வேலையை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதும்தான்.

கொள்முதல் அதிகாரியை வாங்கிய விலையால் மட்டும் அளந்தால், அவர் மொத்த ஆர்டரையும் ஒரே சப்ளையரிடம் கொடுத்து விலையைக் குறைப்பார். அந்தச் சப்ளையர் தள்ளாடுகிறார் என்ற செய்தி அவருடைய சாதனைக்கே எதிரான செய்தி. அதை அவரே கொண்டுவந்து சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? கிடங்குப் பொறுப்பாளரைக் கையிருப்பின் மதிப்பால் அளந்தால், நெருக்கடிக்கென்று வைத்திருக்கும் சரக்கைத்தான் அவர் முதலில் குறைப்பார். விற்பனையாளரை மாத இலக்கால் அளந்தால், மாதக் கடைசி வாரத்தில் விநியோகஸ்தரின் கிடங்கில் சரக்கைத் திணிப்பார். உங்கள் கணினியில் விற்பனை ஏறும். கடைகளில் சரக்கு நகர்வது நின்றிருக்கும். போட்டியாளர் விலை குறைத்த செய்தி அந்தத் திணிப்புக்குப் பின்னால் இரண்டு மாதம் மறைந்திருக்கும். விநியோகஸ்தரிடமிருந்து கடைகளுக்குப் போகும் எண்ணிக்கையை வாரந்தோறும் வாங்கிப் பார்த்தால் அது இரண்டாவது வாரத்திலேயே தெரிந்திருக்கும். உங்கள் நிறுவனத்தில் அந்த எண்ணிக்கையை யாராவது வாங்குகிறார்களா?

புறச்சூழல் உள்ளே வரும் வாசல் எது தெரியுமா? சரக்கு இறக்கும் மேடை. 500 கேட்டதற்கு 420 வருகிறது, மீதி அடுத்த வாரம் என்கிறார் வண்டியோடு வந்தவர். பதிவேட்டில் "பகுதி வரவு" என்று எழுதுகிறார்கள். கணினியும் அதை ஏற்றுக்கொள்கிறது. அடுத்த முறை 380 வருகிறது. அட்டைப்பெட்டி வேறு மாதிரி இருக்கிறது, தொகுதி எண்கள் கலந்திருக்கின்றன. எப்போதும் கடனில் கொடுத்த சப்ளையர் பாதிப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார். அவரிடம் ஏதோ சரியில்லை என்பது மேடையில் நின்று பெட்டி எண்ணுகிறவருக்கு அன்றைக்கே தெரியும். உங்கள் கூட்டத்துக்கு அது வருவதற்குள் இயந்திரம் நின்றுவிடும்.

நீங்கள் செய்யவேண்டியது பெரிய காரியம் அல்ல. வராவிட்டால் உற்பத்தி நின்றுபோகும் பொருட்களில் பத்தை மட்டும் எடுங்கள். விலை உயர்ந்தவை பத்து அல்ல, கவனியுங்கள். ஒரு சீட்டோ, ஒரு ரப்பர் வளையமோ இல்லாமலும் வண்டி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண் எழுதுங்கள். சப்ளை இன்றே நின்றால் எத்தனை நாள் ஓட்டலாம் என்பது தாங்கும் நாள். வேறொருவரிடம் வாங்கி உற்பத்தியை மறுபடி ஓட்ட எத்தனை நாள் ஆகும் என்பது மீளும் நாள். கிடங்கில் 18 நாளுக்கான சரக்கு, வழியில் 6 நாளுக்கானது என்றால் தாங்கும் நாள் 24. புதியவரிடம் மாதிரி வாங்க 10 நாள், சோதிக்க 20, ஒப்புதலுக்கு 15, முதல் தொகுதி வந்து சேர 25 என்றால் மீளும் நாள் 70. இடைவெளி 46 நாள். இத்தனை நாள் ஆலை நிற்கக்கூடும் என்பதை எழுதி மேசையில் வையுங்கள். எந்த அட்டவணையும் இந்த அளவுக்கு ஆளை நிமிர்ந்து உட்காரவைக்காது.

இந்தக் கணக்கில் தவறு நேரும் இடங்கள் உண்டு. வழியில் உள்ள சரக்கை எண்ணும்போது அது உண்மையிலேயே நகர்கிறதா என்று பாருங்கள். துறைமுகத்தில் முடங்கிக் கிடப்பதையும் சேர்த்து எண்ணிவிட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். மாற்றுச் சப்ளையர் இருக்கிறார் என்று எழுதுவதற்கு முன், அவர் மூலப்பொருளை எங்கே வாங்குகிறார் என்று கேளுங்கள். இருவரும் ஒரே ஆலையில் வாங்கினால் உங்களுக்கு மாற்றே இல்லை. ஒப்புதலுக்கான 15 நாளை 5 நாளாகக் குறைத்துக் காட்டாதீர்கள். தரப் பிரிவில் கையெழுத்துப் போடவேண்டியவர் விடுப்பில் போவதும் அந்த 15 நாளில் அடக்கம்.

அடுத்தது எச்சரிக்கைக் கோடு. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் பிந்தினாலோ, எண்ணிக்கை பத்து சதவீதம் குறைந்தாலோ, அது அடுத்தடுத்து இரண்டு முறை நடந்தால் அன்றைக்கே இன்னாரிடம் சொல்லவேண்டும் என்று எழுதி, மேடையில் இருப்பவரிடம் கொடுங்கள். "இன்னார்" என்பது ஒரு பிரிவின் பெயராக இருக்கக்கூடாது, ஓர் ஆளாக இருக்கவேண்டும். கோட்டை மிகத் தாழ்வாகப் போட்டால் நாளுக்கு இருபது எச்சரிக்கை வரும், மூன்றாவது வாரத்தில் யாரும் படிக்கமாட்டார்கள். இன்னொன்றையும் மறக்காதீர்கள். சொன்னவருக்கு இரண்டு நாளுக்குள் பதில் போகவேண்டும். "பேசினோம், வெள்ளிக்கிழமை மீதி வருகிறது" என்ற ஒரு வரி போதும். பதில் வராவிட்டால் அவர் மூன்றாவது முறை சொல்லமாட்டார். சொல்லாதது அவர் குற்றமும் அல்ல.

உங்கள் பாடத்தில் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போடுவார்களே, அதில் "பலம்" என்ற கட்டத்தின்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஒருமுறை பலம் என்று எழுதிவிட்டால் மறுபடி யாரும் அதைச் சோதிப்பதில்லை. 2000இல் கெட்ட செய்தியை இரண்டே வாரத்தில் உச்சிக்குக் கொண்டுபோன நோக்கியா, 2007இல் ஐபோன் வந்தபின் தடுமாறியது. 2013இல் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்பதாக அறிவித்தது. அங்கே வேலை பார்த்த மேலாளர்கள் பலரைப் பேட்டி கண்டு பின்னாளில் ஓர் ஆய்வு வந்தது. மேலிடத்துக்குப் பயந்து நடுமட்டத்தினர் மென்பொருளின் உண்மை நிலையைச் சொல்லத் தயங்கினார்கள், மேலிடமோ பொய்யான நம்பிக்கையில் காலக்கெடுவை நெருக்கிக்கொண்டே போனது என்று அது காட்டியது. அதே நிறுவனம்தான். நடுவில் வழி அடைபட்டிருந்தது.

கோடாக்கை விட்டுவிடுங்கள். முதல் டிஜிட்டல் கேமராவை 1975இல் செய்ததே அந்த நிறுவனத்தின் பொறியாளர்தான். தெரியாமல் போனது அவர்கள் சிக்கல் அல்ல. பெஸ்டல் அட்டவணைக்கும் நான் நேரம் செலவிடப்போவதில்லை. ஆறு தலைப்பில் செய்தித்தாளைப் பிரித்து ஒட்டினால் அது ஆய்வு ஆகாது. தேர்வுக்கு வேண்டுமென்றால் நிரப்புங்கள். வேலைக்கு என்றால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இது நம்மிடம் எந்த எண்ணை மாற்றும், அதை முதலில் பார்ப்பவர் யார் என்று எழுதுங்கள். எழுத முடியாத வரிகளை அடித்துவிடுங்கள். பாதிக்குமேல் போய்விடும், வருந்தாதீர்கள்.

தொழிற்சங்கத்தை எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் போடுங்கள். ஊதிய ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, பேச்சு அதற்கு எத்தனை மாதம் முன்பு தொடங்குகிறது, நம் தரப்பில் யார் உட்காருகிறார் என்ற மூன்றும் தெரியுமா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். தேதி மட்டும் தெரிந்து ஆள் யாரென்று தெரியாவிட்டால், அந்த வரியைத் தாங்கும் நாள் பட்டியலுக்குக் கீழே பதினொன்றாவதாகச் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்.