பயந்த பூனையோடு ஊர் மாறுவது: கேள்வி பதில்

தெருவில் கைவிடப்பட்ட பூனைகளைத் தேற்றி, சென்னையிலிருந்து வெளியூர்களுக்குத் தத்துக் கொடுத்து அனுப்புவதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். பள்ளி விடுமுறை வந்தால் வீடு மாறுகிறவர்களின் கேள்விகள் குவியும். இந்த முறை வந்தவற்றுக்கு இங்கே பதில். மருந்துகளைப் பற்றிச் சொல்வது, உங்கள் கால்நடை மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிவதற்காக. அளவை அவர்தான் சொல்ல வேண்டும்.

வேளச்சேரியிலிருந்து: அக்கா, அடுத்த மாதம் காரில் புனே போகிறோம். தூக்கிச் செல்லும் கேரியர் பெட்டியைக் கண்டாலே எங்கள் பூனை கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

கேரியரிலிருந்துதான். ஊசி போடப் போகும் அன்று மட்டும் பரணிலிருந்து இறங்கும் பெட்டி அது. பயப்படாமல் என்ன செய்யும்? இன்றே இறக்குங்கள். கதவைக் கழற்றிவிட்டு, பூனை வழக்கமாகப் படுக்கும் மூலையில் வையுங்கள். அது படுத்துப் புரண்ட துண்டைத் துவைக்காமல் உள்ளே விரியுங்கள். சாப்பாட்டுத் தட்டை முதலில் வாசலிலும், சில நாள் கழித்து உள்ளேயும் வையுங்கள். தானாகப் போய்த் தூங்க ஆரம்பித்ததும் கதவை மாட்டி, ஒரு நிமிடம் மூடித் திறங்கள். பிறகு தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஒரு நடை. அப்புறம் காரில் இன்ஜின் போடாமல் கொஞ்ச நேரம், பிறகு தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு. எந்தப் படியிலாவது மிரண்டால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். ஒரு மாதம் தாராளமாகப் போதும்.

புதிதாக வாங்குவதானால் கெட்டியான பிளாஸ்டிக்கில், மேலேயும் திறக்கிற மாதிரி வாங்குங்கள். ஜிப் வைத்த துணிப் பையைப் பயந்த பூனை கிழித்துவிடும். முதுகில் மாட்டும் கண்ணாடிக் குமிழ்ப் பை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. உள்ளே புழுக்கம், ஒளிந்துகொள்ளவும் இடமில்லை.

சென்னையிலிருந்து புனே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். இரண்டு நாளாகப் பிரித்து, சித்ரதுர்கா அல்லது ஹூப்ளியில் தங்குங்கள். பூனை இருப்பதை விடுதியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறைக்குள் போனதும் குளியலறையில் மட்டும் திறந்துவிடுங்கள். விடுதிக் கட்டிலின் அடிப்பலகைக்குள் புகுந்த பூனையை வெளியே எடுப்பது பெரிய பாடு.

திருச்சியிலிருந்து: எங்கள் நாய்க்கு வாங்கிய மயக்க மாத்திரை இருக்கிறது. பூனைக்குப் பாதி கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. நாய்க்கும் மனிதருக்கும் ஒத்துக்கொள்ளும் பல மருந்துகளைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. ஒரு பாராசிட்டமால் மாத்திரையே உயிரைப் பறித்துவிடும். உண்ணிக்காக நாய் மேல் விடும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படித்தான்.

பயணப் பயத்துக்கு இப்போது மருத்துவர்கள் அதிகம் எழுதுவது கேபபென்டின். புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் கொடுப்பார்கள். பயண நாளில் முதல் தடவையாகக் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே மருத்துவர் சொன்ன அளவை வீட்டில் கொடுத்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சில பூனைகள் தள்ளாடும், சோபாவிலிருந்து விழும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும் என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அசிப்ரோமசின் என்ற பழைய மருந்து உடம்பைத் தளர்த்தும், பயத்தைத் தீர்க்காது. பூனை அசையாமல் கிடக்கும், ஆனால் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும். பயத்துக்கு அதை மட்டும் எழுதிக் கொடுத்தால் வேறு வழி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

மதுரையிலிருந்து: சாமான் ஏற்றும் நாளில் பூனையை என்ன செய்வது? மாமியார் வீட்டில் விட்டுவிடலாமா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டிருந்தால் நன்றாக இருக்கும். என்னிடம் அழுதுகொண்டு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை சாலையில் தொலைந்த பூனைகளைப் பற்றியவை அல்ல. சாமான் ஏற்றும் நாளில் திறந்து கிடந்த கதவு வழியாகப் போனவை, அல்லது புதிய வீட்டில் முதல் வாரம் நழுவியவை.

மாமியார் வீடு அதற்கு ஏற்கெனவே பழக்கமில்லை என்றால் வேண்டாம். ஒரே வாரத்தில் இரண்டு புது இடங்களைத் திணிக்காதீர்கள். முந்தின நாளே ஓர் அறையைக் காலி செய்து, பூனையை லிட்டர் பெட்டி (அது மலஜலம் கழிக்கும் மண் தட்டு), தண்ணீர், கேரியர், பழைய போர்வையோடு உள்ளே விட்டுப் பூட்டுங்கள். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். "பூனை உள்ளே, திறக்காதீர்கள்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அது போதாது, சுமை தூக்க வருகிறவர்களிடம் வாயாலும் சொல்லுங்கள். அறைக் கதவு சாத்தியிருக்கும்போதே பூனையைக் கேரியரில் ஏற்றி, அதன் பிறகுதான் அந்த அறையை அவர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

உங்கள் எண் எழுதிய, இழுத்தால் கழன்றுகொள்ளும் கழுத்துப் பட்டையும், தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் பயணத்துக்கு முன்பே இருக்கட்டும். சிப் ஏற்கெனவே இருந்தால் அதன் எண்ணோடு பதிவான உங்கள் போன் எண் பழையதா என்று பாருங்கள்.

சேலத்திலிருந்து: எட்டு மணி நேரப் பயணம். சாப்பாடு, சிறுநீர்?

புறப்படுவதற்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்னால் சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். பெரும்பாலான பூனைகள் வழியில் எதையும் தொடாது, சிறுநீரையும் அடக்கிக்கொள்ளும். கேரியருக்குள் உறிஞ்சு விரிப்பு ஒன்றைப் போட்டு, மாற்றுக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரிலிருந்து: வழி முழுக்கக் கத்துகிறது. மடியில் எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

மனசு கேட்காதுதான். ஆனாலும் ஓடும் காரில் வெளியே எடுக்காதீர்கள். ஓட்டுபவரின் காலடியில் புகுந்தாலோ, சுங்கச்சாவடியில் கண்ணாடி இறங்கியதும் பாய்ந்தாலோ முடிந்தது. முன் இருக்கைக்குப் பின்னால் தரையில் கேரியரை ஆடாமல் வைத்து, மேலே மெல்லிய பருத்தித் துணியைப் போர்த்துங்கள். காற்று போக ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். பாட்டு வேண்டாம், ஏசி இருக்கட்டும். எச்சில் ஒழுகினால் அது குமட்டல். அதற்கு மாரோபிடன்ட் என்ற மருந்து உண்டு, முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கத்துவதைவிட நான் பயப்படுவது, வாயைத் திறந்து நாய் மாதிரி இளைப்பதைத்தான். வண்டியை நிறுத்தி, குளிர்ச்சியாக்கி, சில நிமிடங்களில் அடங்கவில்லை என்றால் அருகிலுள்ள மருத்துவரிடம் ஓடுங்கள். டீ குடிக்க இறங்கும்போது நிறுத்திய காருக்குள் பூனையை விட்டுவிட்டுப் போகவே கூடாது. அரை மணியில் உள்ளே வெப்பம் வெளியே இருப்பதைவிட 15 டிகிரிக்கு மேல் ஏறிவிடும்.

தாம்பரத்திலிருந்து: டெல்லிக்கு ரயிலில் கொண்டுபோக முடியுமா? இல்லை, விமானமா? எங்களுடையது பெர்சியன்.

ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு படுக்கை கூப்பே அல்லது நான்கு படுக்கை கேபினை முழுவதுமாக நீங்களே எடுத்தால் கூடவே வைத்துக்கொள்ளலாம். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசியில் அனுமதி இல்லை. தடுப்பூசி அட்டை, மருத்துவரின் உடல்நலச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொண்டு பார்சல் அலுவலகத்தில் அதற்கான கட்டணத்தைக் கட்டிவிட வேண்டும். கூப்பே உறுதியாகக் கிடைக்குமா என்பது சார்ட் போடும்போதுதான் தெரியும், மாற்று ஏற்பாடு ஒன்று இருக்கட்டும். ரயில் கார்டு பயணிக்கும் கார்டு வேனில், கூண்டுப் பெட்டியில் பூனையை அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். அந்தச் சத்தத்திலும் வெயிலிலும் பயந்த பூனை தாங்காது.

விமானத்தில் ஏர் இந்தியாவும் ஆகாசாவும் கேபினுக்குள் பூனையை அனுமதிக்கின்றன, இண்டிகோ அனுமதிப்பதில்லை. எடை வரம்பு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் டிக்கெட் போடுவதற்கு முன் போனில் பேசி உறுதி செய்யுங்கள். பெர்சியன் போன்ற சப்பை மூக்குப் பூனைக்கு மூச்சுச் சிரமம் அதிகம், சரக்குப் பகுதி வேண்டவே வேண்டாம். பாதுகாப்புச் சோதனையில் பூனையை வெளியே எடுக்கச் சொல்வார்கள். ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் வார்) மாட்டியிருங்கள், மூடிய அறை ஒன்றைக் கேளுங்கள்.

கோவையிலிருந்து: புது வீட்டில் முதல் நாள் என்ன செய்ய வேண்டும்? கிரகப்பிரவேசமும் இருக்கிறது.

ஹோமப் புகை, சொந்தக்காரர்கள், திறந்த வாசல். விசேஷம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு பூனையை அழைத்து வாருங்கள்.

வீட்டைச் சுத்தம் செய்யும்போது கவனம். பினாயில், டெட்டால் வகைகளில் உள்ள பீனால் சேர்மங்கள் பூனைக்கு விஷம். தரையில் நடந்து, பாதத்தை நக்கி, அப்படியே உள்ளே போய்விடும். பூனை இருக்கப்போகும் அறையை வெறும் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். அலமாரியில் பாச்சை உருண்டையோ, முன்பு குடியிருந்தவர்கள் வைத்த எலி மருந்தோ கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பால்கனிக்கு வலை அடித்துவிடுங்கள். 1987-ல் நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றிய ஆய்வில், சிகிச்சைக்கு வந்தவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. ஆனால் பலவற்றுக்கு நெஞ்சிலும் தாடையிலும் அடி.

பிறகு ஒரே ஓர் அறை. பழைய போர்வை, பழைய தட்டு, கழுவாத லிட்டர் பெட்டி. பூனைக்கு வீடு என்பது சுவர் அல்ல, வாசனை. சுத்தமான காலுறையை அதன் கன்னத்தில் தேய்த்து, அதைப் புது வீட்டின் கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் பூனை உயரத்துக்குத் தடவுங்கள். பெட்டிக்கு வெளியே வந்து நன்றாகச் சாப்பிட்டு, வாலைத் தூக்கி நடக்கத் தொடங்கியதும் அடுத்த அறையைத் திறக்கலாம். சில பூனைக்கு இரண்டு நாள், சிலதுக்கு இரண்டு வாரம்.

புதுச்சேரியிலிருந்து: வந்ததிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

ஒளியட்டும், இழுக்காதீர்கள். ஆனால் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் குண்டான பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். மீனைச் சூடுபடுத்தி வாசனை எழும்படி வைத்துப் பாருங்கள். ஆண் பூனை லிட்டர் பெட்டியில் போய்ப் போய் முக்கி, ஒரு சொட்டுதான் வருகிறது என்றால் காத்திருக்கவே கூடாது. பதற்றத்தில் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

ஈரோட்டிலிருந்து: ஜெர்மனி போகிறோம். எப்போது தொடங்க வேண்டும்?

ஐந்தாறு மாதம் முன்பே. முதலில் மைக்ரோசிப், அதன் பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி. குறைந்தது 30 நாள் கழித்து எதிர்ப்பாற்றலுக்கான ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. வரிசை மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து: புது வீட்டிலிருந்து வெளியே ஓடிவிட்டது. பழைய ஊர் 200 கிலோமீட்டர். அங்கே போயிருக்குமா?

இல்லை தம்பி, பக்கத்தில்தான் இருக்கும். தொலைந்த பூனைகளைப் பற்றி 2018-ல் வந்த ஓர் ஆய்வில், கிடைத்தவற்றில் முக்கால்வாசி தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது என்றால் இன்னும் கிட்டத்தில். பேர் சொல்லிக் கத்திக்கொண்டு தெருவெல்லாம் ஓடாதீர்கள். பயத்தில் உறைந்த பூனை கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. இரவு ஊர் அடங்கியதும் டார்ச்சோடு போய், அண்டை வீடுகளின் மாடிப்படிக்கு அடியில், கார்களின் கீழே, மோட்டார் அறையில், விறகுக் குவியலில் தரையோடு வெளிச்சம் அடியுங்கள். கண்கள் மின்னும். கண்டதும் பாய்ந்து பிடிக்காமல் உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தட்டுங்கள். உங்கள் வாசலில் அதன் போர்வையை வைத்து, கதவை ஒரு சாண் திறந்து வைத்திருங்கள். அக்கம்பக்கத்தாரிடம் இன்றே சொல்லி, அவர்களுடைய கொட்டகையையும் கார் ஷெட்டையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.