பாலிஸ்டைரீன் என்ற பாலிமர் போர்த்திய தங்க நானோதுகள்கள் அறுகோண அடுக்காக அமையாமல் திட்டுத் திட்டாகக் காய்வது ஏன்?

கரைப்பானான டொலுயீனை இன்னும் மெதுவாக ஆவியாக்குவதால் மட்டும் இது சரியாகாது. கரைசலில் துகளோடு பிணையாமல் மிஞ்சியிருக்கும் கட்டற்ற பாலிஸ்டைரீனை முதலில் நீக்க வேண்டும். மெத்தனால் சேர்த்து வீழ்படிவாக்கி மூன்று முறை கழுவியதாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பாலிஸ்டைரீன் மெத்தனாலில் கரையாது என்பதால், துகளோடு பிணையாத சங்கிலிகளும் துகள்களுடன் சேர்ந்தே அடியில் படிகின்றன. எத்தனை முறை கழுவினாலும் அவை உடன் வருகின்றன. துளி காயும்போது அவை துகள்களுக்கிடையே பிசினைப் போல இறுகுவதால், துகள்கள் நகர்ந்து தமக்குரிய இடத்தில் அமர வழியில்லாமல் போகிறது.

இதை எளிதில் சோதிக்கலாம்.

1. மெத்தனால் சேர்க்காமல், டொலுயீனிலேயே அதிவேக மையவிலக்கியில் துகள்களைப் படியவையுங்கள்.

2. மேலே தெளிந்த நீர்மத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் காயவிடுங்கள். விளிம்பில் படலம் தெரிந்தால் பாலிமர் இன்னும் இருக்கிறது. படலம் தெரியாத வரை கழுவுங்கள்.

அதன் பிறகே மூடிய பெட்ரி தட்டில் மெதுவாகக் காயவைப்பது பயன் தரும்.

ஓர் எச்சரிக்கை: அளவுக்கு மீறிக் கழுவினால், பாலிமரைத் தங்கத்தோடு இணைக்கும் தயோல் (கந்தகப்) பிணைப்புகள் சில அவிழ்ந்துவிடலாம். கரைசலின் செந்நிறம் ஊதாவாக மாறத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள், ஏனெனில் பாலிமர் உறை குறைந்து ஒட்டிக்கொண்ட துகள்களை மீண்டும் பிரிப்பது மிகக் கடினம். துகள்களின் விட்டம் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டாலும் ஒழுங்கு குலையும். நுண்ணோக்கிப் படத்தில் அதையும் அளந்து பாருங்கள்.