அறிவிப்பு வரும் முன்பே விண்ணப்பம் தயாராக இருக்கட்டும்

கேள்வி: வட சென்னையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஃபெல்லோஷிப், கோடைப் பயிற்சி, ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு ஃபெல்லோஷிப்), மாநாடு என்று தினமும் நாலைந்து அறிவிப்புகள் வருகின்றன. பாதிக்குக் கடைசித் தேதி முடிந்திருக்கிறது. மீதியில் எது எனக்குப் பொருந்தும் என்று புரியவில்லை. போன வாரம் ஒரு ‘சர்வதேச மாநாடு’ 3,500 ரூபாய் கட்டினால் கட்டுரையும் வெளியிட்டுத் தருவதாகச் சொன்னது. கட்டலாமா? கிண்டிப் பக்கம் இருக்கும் பெரிய ஆய்வகங்களில் எங்களைப் போன்றவர்களைச் சேர்ப்பார்களா?

பதில்: கடைசிக் கேள்வியில்தான் உங்கள் தயக்கம் தெரிகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். சேர்ப்பார்கள். கல்லூரியின் பெயரைப் பார்த்து ஒதுக்குகிறவர்கள் எங்கும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் சர்தார் படேல் சாலையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், அண்ணா பல்கலைக்கழகம், 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், ஐஐடி என்று எல்லாம் ஒரே சாலையில் இருக்கின்றன. வேதியியல் படிக்கும் பிள்ளைக்கு இப்படி ஒரு சாலை நாட்டில் அதிக ஊர்களில் கிடையாது. நீங்கள் மாணவியானால் மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்திலேயே போய் வந்துவிடலாம், நேரம்தான் செலவு.

அங்கே நுழைவதற்கு ஒரு நல்ல வழி, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஓர் அறிவிப்பு: முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. ‘வைவா’ என்று நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். பெயரிலேயே ‘பொது’ இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். நாலைந்து ஆண்டு உழைப்பை முக்கால் மணி நேரத்தில் ஒருவர் சொல்லி முடிப்பார். முதல் இரண்டு வைவாக்களில் பாதிக்கு மேல் புரியாது. மூன்றாவதில் எந்த ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று பிடிபட ஆரம்பிக்கும். முடிந்ததும் டீ குடிக்கும்போது அந்த ஆய்வு மாணவரிடம் பேசுங்கள். எந்தப் பேராசிரியரிடம் இடம் இருக்கிறது, யார் புதிய ப்ராஜெக்ட் வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். செப்டம்பர் 26, மத்திய அரசின் ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆரின் நிறுவன நாள். அதையொட்டி அதன் ஆய்வகங்கள் மாணவர்களுக்குக் கதவைத் திறந்து வைப்பது வழக்கம். தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சிஎஸ்ஐஆர்தான், விசாரித்துவிட்டுப் போய் வாருங்கள்.

சரி, தேதிகளுக்கு வருவோம். தினமும் புதிது போல வந்து விழுந்தாலும் இந்த அறிவிப்புகளில் முக்கியமானவை ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான் வருகின்றன. நாட்டின் மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு ஃபெல்லோஷிப்புக்கு வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பிக்க வேண்டும். ‘கோடை’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு மார்ச்சில் தேடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் ஏமாந்து போகிறார்கள். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை, உதவித்தொகையும் உண்டு. சென்னை ஐஐடியின் கோடை ஃபெல்லோஷிப் ஆண்டின் தொடக்க மாதங்களில் வரும், எம்.எஸ்சி. முதலாண்டு மாணவர்களுக்கு அதில் இடமுண்டு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இயற்பியல், வேதியியல் முதுநிலை மாணவர்களுக்குக் கோடைப் பயிற்சி தருகிறது. இந்த மூன்றும் உங்களுக்குப் பொருந்தும். காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.

அடுத்து தேர்வுகள். ஜே.ஆர்.எஃப். வாங்குவதற்கான தேசியத் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட் ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை. எம்.எஸ்சி. இறுதியாண்டில் இருக்கும்போதே எழுதலாம். மொத்தம் 200 மதிப்பெண். வேதியியல் வினாத்தாளின் சி பகுதியில் இருக்கும் 60 கேள்விகளில் 25-க்கு மட்டும் பதில் போதும், ஆனால் 100 மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. தவறான விடைக்குக் கழிப்பும் உண்டு. ஆகவே பாடத்திட்டம் முழுவதையும் மேலோட்டமாகப் புரட்டுவதைவிட, உங்களுக்குப் பிடித்த நாலைந்து பகுதிகளை அடிவரை படிப்பதே பலன் தரும். ஐஐடி போன்ற இடங்களில் மேற்படிப்பில் சேர உதவும் கேட் தேர்வு பிப்ரவரியில், பதிவு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். அந்த மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும்.

‘ஜே.ஆர்.எஃப். தேவை’ என்று வரும் அறிவிப்புகளில் பலர் குழம்புகிறார்கள். இரண்டு விதம் உண்டு. நெட் எழுதி நீங்களே வாங்கும் ஜே.ஆர்.எஃப். உங்களுடையது. பிஎச்.டி.க்குப் பதிவு செய்யும் இடத்துக்கு உங்களோடு வரும். 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். இன்னொன்று, ஒரு பேராசிரியர் வாங்கிய ஆய்வுத் திட்டத்துக்கு ஆள் எடுப்பது. வாக்-இன் நேர்காணல் என்று வருபவை பெரும்பாலும் இவைதான். திட்டம் முடிந்தால் பணமும் முடியும். அது மோசமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள், பலருக்கு முதல் படி அதுதான். ஆனால் சேரும் முன்பே இரண்டு விஷயம் கேளுங்கள்: திட்டத்தில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி, பிஎச்.டி. பதிவுக்கு வழி இருக்கிறதா?

இனி சான்றிதழ். இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். உங்கள் கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மாநில அரசுக்கு. மத்திய அரசுத் தேர்வுகளில் ஓ.பி.சி. சலுகை கேட்க மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (ஓ.பி.சி.யில் சலுகை கிடைக்காத வசதியான பிரிவு) வராதவர் என்ற விவரத்தோடு தனிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். எந்த நிதியாண்டில் வாங்கியது என்பதையும் பார்ப்பார்கள். என்னிடம் படித்த ஒரு பையன், நல்ல மதிப்பெண், பழைய சான்றிதழை நம்பிப் போய்ச் சரிபார்ப்பில் நின்றுவிட்டான். அந்த ஒரு வருடத்தை அவனுக்கு யாராலும் திருப்பித் தர முடியவில்லை. அறிவிப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் தேதி காத்திருக்காது. இந்த மாதமே வாங்கி வையுங்கள்.

பேராசிரியர்களுக்கு எழுதும் மின்னஞ்சலும் அப்படித்தான், முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். எனக்கு வரும் நூறு கடிதங்களில் தொண்ணூறு ஒரே கடிதம்தான்: ‘தங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில் பணியாற்ற ஆர்வமாக உள்ளேன்.’ எந்த ஆய்வகம், என்ன பணி, ஒன்றும் இருக்காது. பெண் விஞ்ஞானிக்கு ‘டியர் சார்’ என்று போட்டிருக்கும். நீங்கள் அப்படி அனுப்பாதீர்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் புரிந்தது ஒன்றையும் புரியாதது ஒன்றையும் இரண்டு வரியில் எழுதுங்கள். உங்கள் கை என்ன செய்யும் என்று சொல்லுங்கள்: டிஎல்சி போட்டிருக்கிறேன், காலம் குரோமடோகிராஃபி செய்திருக்கிறேன், யூவி ஸ்பெக்ட்ரம் எடுக்கத் தெரியும். செய்யாததைச் செய்ததாக எழுத வேண்டாம், நேரில் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும் என்பதையும் போடுங்கள். பத்து வரிக்குள் முடியட்டும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், தவறில்லை.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாளில் கேட்டு ஆசிரியரைத் திண்டாட வைக்காதீர்கள். மதிப்பெண் பட்டியல், நீங்கள் செய்த ப்ராஜெக்டின் சுருக்கம், கடைசித் தேதி மூன்றையும் பதினைந்து நாள் முன்னால் கையில் கொடுங்கள். பல இடங்களில் கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு நேராக ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே போகும், அவர் பார்த்தாரா என்று அன்போடு விசாரியுங்கள்.

அப்புறம் அந்த 3,500 ரூபாய். கட்ட வேண்டாம். உண்மையான மாநாட்டுக்கும் பதிவுக் கட்டணம் உண்டு, அது குற்றமில்லை. ஆனால் கட்டுரையை யாரும் படித்துப் பார்க்கும் முன்பே ‘வெளியிட்டுத் தருகிறோம்’ என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது சான்றிதழ். ‘யுஜிசி அங்கீகரித்த இதழ்’ என்று போட்டிருந்தாலும் மயங்காதீர்கள், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, இதழ்களுக்கான தன் ‘கேர்’ பட்டியலையே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. பிஎச்.டி. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தையும் யுஜிசியின் 2022 விதிமுறைகள் நீக்கிவிட்டன. எம்.எஸ்சி. முதலாண்டில் உங்களுக்கு அது தேவையே இல்லை. வேலைக்கு எடுக்க முன்பணம் கேட்கும் ‘ப்ராஜெக்ட்’ அறிவிப்பு எதுவானாலும் விலகிவிடுங்கள். சில ஆய்வகங்கள் மாணவர் பயிற்சிக்கு அதிகாரபூர்வமாகக் கட்டணம் வாங்குவதுண்டு. அது நிறுவனத்தின் கணக்கில் ரசீதோடு போகும், தனிநபரின் ஜிபே எண்ணுக்குப் போகாது.

வாட்ஸ்அப்பில் வரும் எந்த அறிவிப்பையும் அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். இருந்தால் பிடிஎஃப்பை இறக்கி, தகுதி, தேதி, இணைக்க வேண்டியவை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். துறையில் இருவர் சேர்ந்து வாரம் ஒருமுறை இதைச் செய்து குழுவில் போட்டால் உங்கள் வகுப்பு முழுவதற்கும் உதவும். உங்கள் ஆசிரியரிடம் நீங்களே முன்வந்து கேளுங்கள், மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.