ரேடியேற்றர் கையைச் சுடாவிட்டாலும் வீடு சூடாகுமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் 1930களில் கட்டப்பட்ட மூன்று படுக்கையறை வீட்டில் இருக்கிறோம். காஸ் பொயிலருக்குப் பதினாறு வயது. ஹீற் பம்பை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, ரேடியேற்றர்களை மாற்றத் தேவையில்லை, இந்த வாரமே கையெழுத்து வையுங்கள் என்று வீடு தேடி வந்த ஒருவர் சொல்கிறார். ஹீற் பம்ப் போட்ட உறவினர் வீட்டிலோ ரேடியேற்றர்கள் வெதுவெதுப்பாகத்தான் இருக்கின்றன, பின்னறை குளிர்கிறது. முழங்கால் நோவுள்ள என் அம்மா எங்களோடு இருக்கிறார். நம்பிப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் அந்த மனிதரிடம் வேண்டாம்.

ரேடியேற்றர் கையைச் சுட வேண்டும் என்பது காஸ் பொயிலர் நமக்குப் பழக்கிவிட்ட எண்ணம். பொயிலர் 70, 75 பாகையில் தண்ணீரை அனுப்பி அறையைச் சட்டென்று சூடாக்கிவிட்டு நின்றுவிடும். ஹீற் பம்ப் மின்சாரத்தில் ஓடி, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து, 45 அல்லது 50 பாகைத் தண்ணீரை நாள் முழுவதும் மெதுவாக ஓடவிடும். அறை 20 பாகையில் நிலையாக நின்றால் உங்கள் அம்மாவுக்கு அது போதும். ஆனால் தண்ணீரின் சூடு குறைந்தால் ரேடியேற்றர் தரும் வெப்பமும் குறையும்: கடையில் 1,000 வாற் என்று விற்கப்படுவது 45 பாகைத் தண்ணீரில் ஏறத்தாழ 350 வாற்தான் தரும். ஆகவே சில அறைகளுக்குப் பெரிய ரேடியேற்றர் தேவைப்படும். எந்த அறைகளுக்கு என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி.

அதை நீங்களே கண்டறியலாம். கடுங்குளிரான ஒரு வாரத்தில், பொயிலரில் ரேடியேற்றர் படம் போட்ட குமிழை 50 பாகைக்கு இறக்கி, நாள் முழுவதும் ஓடவிடுங்கள். குமிழில் பாகை எழுதப்படாவிட்டால், ரேடியேற்றர்களுக்குப் போகும் குழாயில் ஒரு வெப்பமானியைக் கட்டிப் பாருங்கள். எந்த அறை 20ஐத் தொடவில்லையோ அந்த அறையைக் குறித்துவையுங்கள்.

இதைச் செய்யுமுன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சுடுதண்ணீர் உங்களுக்குக் கொம்பி பொயிலரிலிருந்து நேரே வருகிறதா, அலுமாரிக்குள் நிற்கும் தாங்கியிலிருந்து வருகிறதா? கொம்பி என்றால் சுடுதண்ணீருக்குத் தனிக் குமிழ் உண்டு, அதைத் தொடாதீர்கள். தாங்கி என்றால் பெரும்பாலான பழைய பொயிலர்களில் இரண்டுக்கும் ஒரே குமிழ்தான். அதை 50க்கு இறக்கினால் தாங்கித் தண்ணீர், கிருமிகளைக் கொல்லும் 60 பாகையை எட்டாது. லெஜியோனெல்லா என்னும் கிருமி 20 முதல் 45 பாகை வரையான தேங்கிய நீரில் பெருகும். குளிக்கும்போது நீர்த்துளிகளோடு மூச்சில் போனால் கடும் நுரையீரல் அழற்சியைத் தரும், அதிலும் வயதானவர்களைத்தான் அதிகம் வருத்தும். தாங்கிக்குள் மின்சூடாக்கி இருந்தால், சோதனை நடக்கும் நாட்களில் அதைக்கொண்டு தண்ணீரை 60க்கு ஏற்றுங்கள். இல்லையென்றால் இந்தச் சோதனை உங்களுக்கு வேண்டாம். ஹீற் பம்ப் வந்தபின் எப்படியும் தாங்கி வரும். அதைக் குறித்த கால இடைவெளியில் 60க்கு ஏற்றும் ஏற்பாடு இருக்கிறதா என்று அப்போதும் கேளுங்கள்.

இனி அந்த மனிதர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹீற் பம்புக்கு மாறுவோருக்கு உதவும் அரசின் பொயிலர் மேம்பாட்டுத் திட்டம் 2022 மே மாதம் 5,000 பவுண் உதவியோடு தொடங்கி, 2023 அக்டோபரில் 7,500 ஆனது. எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஒவ்ஜெம்மிடம் விண்ணப்பிக்க வேண்டியவர், இத்தகைய கருவிகளைப் பொருத்துவோருக்கான எம்சிஎஸ் சான்று பெற்ற பொருத்துநர்; பணம் அவரது பில்லில் கழியும். வாசலுக்கு வருபவரோ பெரும்பாலும் உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் விற்கும் தரகர். 7,500 பவுண் முழுச் செலவையும் தாங்குவது அரிது, மிச்சத்தை அவர் கடைசிப் பக்கத்தில்தான் காட்டுவார்.

சென்ற குளிர்காலத்தில் ஈஸ்ட்ஹாமில் ஹீற் பம்ப் போட்ட ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். இயந்திரம் புதியது, நல்லது. பின்னறை, மூன்று பக்கமும் கண்ணாடி போட்டு நீட்டிக் கட்டியது. அங்கே செற்றிக்குப் பின்னால் ஒற்றைத் தகட்டு ரேடியேற்றர் ஒன்று, அதற்குப் போகும் குழாய் பென்சில் பருமன். ஒவ்வோர் அறையும் எவ்வளவு வெப்பத்தை வெளியே இழக்கும் என்று பொருத்துநர் போடும் வெப்ப இழப்புக் கணக்குத் தாளில் அந்த அறைக்கு ஒரு வரிகூட இல்லை. குளிர் தாங்காமல் தண்ணீரை 60 பாகைக்கு ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொரு பாகைக்கும் இயந்திரத்தின் திறன் ஏறத்தாழ 2 விழுக்காடு குறையும், மின்கட்டணம் ஏறும். மின்சாரம் இந்நாட்டில் காஸைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. பசுமைக் கொள்கைச் செலவுகளைப் பல ஆண்டுகளாக மின்சாரத்தின் மேலேயே அதிகம் சுமத்திவிட்டு, மின்சாரத்தில் ஓடும் கருவிக்கு மாறுங்கள் என்று அரசாங்கம் அழைப்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காஸ் பொயிலரும் வெப்பத்தில் ஒரு பங்கை வீணாக்குவதால், இந்த விலையில் ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்றரை அலகு வெப்பமாவது கிடைத்தால்தான் உங்கள் கட்டணம் ஏறாது.

சான்றிதழை மட்டும் நம்பவும் முடியாது. அரசுத் திட்டங்களில் போடப்பட்ட வெளிச்சுவர் வெப்பக் காப்புகளில் 98 விழுக்காடு பெரிய குறைகளோடு இருப்பதாக 2025 அக்டோபரில் தேசியக் கணக்காய்வு அலுவலகம் மதிப்பிட்டது. சான்று பெற்றவர்கள் செய்த வேலைதான் அதுவும்.

ஆகவே மூன்று பொருத்துநர்களை அழையுங்கள். அளவுநாடாவோடு மாடிக்கு ஏறி ஒவ்வொரு சன்னலையும் அளப்பவரிடம் மட்டும் பேச்சைத் தொடருங்கள். அறைவாரியான வெப்ப இழப்பு, மாற்ற வேண்டிய ரேடியேற்றர்கள், வெளியே உறைநிலைக்குக் கீழே 2 பாகை இருக்கும்போது அனுப்பப்படும் தண்ணீரின் சூடு ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கடைசி எண் 50க்கு மேல் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நீங்கள் குறித்துவைத்த அறைகளும் அவர் பட்டியலும் ஒத்துப்போகும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம்.